மூன்றாம் மாடிச் சாவி

என் மகளுக்கு அவளுடைய முதல் வேலையைத் தேடிக் கொடுத்தவன் நான்தான். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. எட்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்து விடுமுறை தொடங்கியிருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். சென்னையில் தண்ணீருக்கு எல்லோரும் குடத்தோடு அலைந்த கோடைகளில் ஒன்று.

மயிலாப்பூரை ஒட்டி, மந்தைவெளிப் பக்கத்துத் தெரு ஒன்றில், எட்டு வீடுகள் கொண்ட கட்டடத்தில் குடியிருந்தோம். எங்களுக்கு முதல் மாடி. எங்கள் தலைக்கு மேலே இரண்டாம் மாடியில், அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரும் அவர் மனைவியும். அவர்களுக்கும் மேலே, மூன்றாம் மாடியில், வயலின் சொல்லிக்கொடுக்கும் ஓர் அம்மாள் தனியாக இருந்தார். கட்டடமே அவரை வயலின் மாமி என்றுதான் கூப்பிடும்.

மகளைப் பற்றி எனக்கு ஒரு பெரிய கவலை இருந்தது. இப்போது நினைத்தால் அது கவலையா, குறை சொல்லும் பழக்கமா என்று தெரியவில்லை. அவள் பொருட்களைத் தொலைப்பாள். ஒரே வருஷத்தில் இரண்டு குடை, ஒரு ஜாமெட்ரி பாக்ஸ், பள்ளிக்கூட நூலகத்தின் புத்தகம் ஒன்று. ஒவ்வொரு முறையும் நான் பொறுப்பைப் பற்றி அரை மணி நேரம் பேசுவேன். அவள் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வைத்துத்தான் பெரும்பாலும் பேசுவேன் என்று என் மனைவி பிற்பாடு சொல்லிக் காட்டியிருக்கிறாள்.

ஏப்ரல் கடைசியில் வயலின் மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். டில்லியில் இருக்கும் மகனிடம் ஆறு வாரம் இருந்துவிட்டு வரப் போவதாகச் சொன்னார்.

"ஆத்தைப் பூட்டிண்டு போறதுல ஒண்ணுமில்லை. செடிகள்தான். இருபது தொட்டி இருக்கு. இந்த வெயில்ல ரெண்டு நாள் விட்டாப் போயிடும். யாராவது ஜலம் விடறவா கிடைப்பாளான்னு பாக்கறேன்."

"எங்க பொண்ணு செய்வா மாமி" என்றேன். அவளைக் கேட்கக்கூட இல்லை. அவள் கூடத்து ஜன்னலோரம் உட்கார்ந்து எதையோ படித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

மாமி அவள் பக்கம் திரும்பினார். "செய்வியாடீ?"

"செய்யறேன் மாமி."

"சும்மா வேண்டாம். வேலைன்னா சம்பளம் உண்டு. ஆனா வேலைன்னா வேலைதான், என்ன?"

மறுநாள் மாலை மாமி அவளை மேலே அழைத்துப் போய் எல்லாவற்றையும் காட்டினார். நானும் கூடவே போனேன். தினமும் காலையும் மாலையும் செடிகளுக்குத் தண்ணீர். காலையில் அரை மணி நேரம் ஜன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும். வந்த கடிதங்களை மேஜைமேல் வைக்க வேண்டும். தண்ணீர் விஷயத்தில் மாமி கண்டிப்பாக இருந்தார். குழாய்த் தண்ணீரைச் செடிக்கு விடக் கூடாது, மனிதர்களுக்கே இல்லாதபோது அது பாவம் என்றார். அரிசி களைந்த தண்ணீர், காய்கறி அலம்பிய தண்ணீர், அவ்வளவுதான். எந்தச் செடிக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை நான் வாங்கிப் படிக்கவில்லை. படித்திருந்தால் இதை எழுத வேண்டியே வந்திருக்காது.

சாவியை மாமி என்னிடம் நீட்டவில்லை. அவள் கையில் கொடுத்தார்.

வேலை தொடங்கியது. காலையில் எங்கள் வீட்டில் அரிசி களையும்போதே பக்கெட்டோடு சமையலறை வாசலில் வந்து நின்றுவிடுவாள். ஒரு வீட்டுத் தண்ணீர் இருபது தொட்டிக்குப் போதாது என்று இரண்டாம் நாளே தெரிந்தது. என்ன செய்வாளோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவளாகவே போய் மூன்று வீடுகளில் பேசி, அவர்கள் சமையலறை வாசலிலும் ஆளுக்கொரு பக்கெட் வைத்துவிட்டு வந்தாள். காலை ஏழு மணிக்கு ஒரு வாளி, அதன்பிறகு இன்னொரு வாளி என்று மாடிப்படி ஏறுவாள். படியில் சிந்தினால் திரும்பி வந்து துணியால் துடைப்பாள். அந்தக் கட்டடத்தில் அதுவரை யாரும் படியைத் துடைத்து நான் பார்த்ததில்லை.

இதையெல்லாம் பார்த்தும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. முதல் வாரம் எல்லாக் குழந்தைகளும் இப்படித்தான், மூன்றாம் வாரம் தெரியும் என்று மனைவியிடம் சொன்னேன். தினமும் ஆபீசிலிருந்து வந்ததும் விசாரணை.

"ஜன்னலை எல்லாம் சாத்தினியா?"

"சாத்தினேன்பா."

"பூட்டை இழுத்துப் பார்த்தியா?"

"பார்த்தேன்பா."

"ரெண்டு தடவை இழுத்துப் பார்க்கணும்."

 மனைவி அடுப்படியிலிருந்து, "நீங்களே போய் இழுத்துப் பார்த்துட்டு வாங்களேன்" என்பாள். அவள் கேலியாகச் சொன்னதை நான் நிஜமாகவே செய்தேன்.

மூன்றாவது வாரம். கத்திரி வெயில். அப்போது எங்கள் கட்டடத்தின் தரைத்தொட்டிக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் லாரியில் தண்ணீர் வரும். காலையிலும் மாலையிலும் அரை மணி நேரம் மோட்டார் போடுவார்கள். அந்த நேரத்தில்தான் வீட்டுக் குழாய்களில் தண்ணீர் வரும். மற்ற நேரத்தில் குழாயைத் திறந்தால் காற்றுதான். மோட்டார் போடுவது, வாசல் பெருக்குவது எல்லாம் ஓர் அம்மாள். நாற்பது வயது இருக்கும். ஆற்றங்கரையோரக் குடிசைகளில் ஒன்றிலிருந்து விடியற்காலையில் நடந்து வருவார். வேலை முடிந்து போகும்போது இரண்டு குடம் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம் என்று கட்டடத்தில் அவருக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள்.

அன்று காலை எட்டரை மணி. மகள் மேல்மாடி வேலையை முடித்துவிட்டு இந்தி வகுப்புக்குப் போயிருந்தாள். மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். ஆபீசுக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய மூன்றாம் மாடிச் சாவி கண்ணில் பட்டது. எடுத்துக்கொண்டு மேலே போனேன். படியில் அந்த அம்மாள் பெருக்கிக்கொண்டிருந்தார். ஒதுங்கி வழி விட்டார்.

வீட்டைத் திறந்து உள்ளே போனேன். ஜன்னல்கள் சாத்தியிருந்தன, கொக்கிகள் போட்டிருந்தன. மேஜைமேல் கடிதங்கள் வந்த தேதிப்படி அடுக்கி, பறக்காமலிருக்க அதன்மேல் ஒரு கிண்ணம் கவிழ்த்திருந்தது. அலமாரிமேல் வயலின் பெட்டியில் தூசு இல்லை. துடைக்கச் சொல்லி யாரும் அவளிடம் சொன்னதில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் எனக்கு லேசாக ஏமாற்றமாக இருந்தது.

பால்கனிக்குப் போனேன். தொட்டிகள் எல்லாம் ஈரமாக இருந்தன, ஒன்றைத் தவிர. மூலையில் ஒரு கற்பூரவல்லி. மண் வெடித்துக் காய்ந்திருந்தது, அடி இலைகள் இரண்டு மஞ்சளாகியிருந்தன. அகப்பட்டாள் என்று நினைத்தேன். அந்தச் சொல்லையேதான் நினைத்தேன். தொட்டியைத் தரையோடு இழுத்துப் பால்கனிக் குழாயின் அடியில் வைத்துக் குழாயைத் திறந்தேன். காற்று சீறியது, தண்ணீர் வரவில்லை. இன்னும் இரண்டு சுற்றுத் திருகினேன். வரவில்லை. கீழே மனைவி என் பெயரைச் சொல்லாமல், "எங்கே போனீங்க, டிபன் பாக்ஸ் இங்கேயே இருக்கு" என்று குரல் கொடுப்பது கேட்டது. அவசரமாகப் பூட்டிவிட்டு இறங்கினேன். பூட்டை இழுத்துப் பார்த்தேன், இரண்டு தடவை. குழாயை மூடவில்லை.

தேனாம்பேட்டைக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போகும்போது, மாலையில் அவளிடம் கற்பூரவல்லியைப் பற்றி எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டு போனேன்.

மாலை ஆறேகாலுக்குத் திரும்பினால் கட்டடத்து வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள். படிக்கட்டு முழுக்க ஈரம். முதல் படியில் கால் வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. 

நடந்தது இதுதான். அன்று லாரி மதியம் இரண்டு மணிக்கு வந்திருக்கிறது. வந்ததும் பாதி லாரிதான், மீதி பக்கத்துக் கட்டடத்துக்கு. அடுத்த லாரி மறுநாள் இல்லை, அதற்கு அடுத்த நாள்தான். சாயங்காலம் கரண்ட் இருக்குமோ இருக்காதோ என்று வந்த தண்ணீரையெல்லாம் உடனே மோட்டார் போட்டு மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றிவிட்டார்கள். கத்திரி வெயிலில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டடமே தூங்கியது. மூன்றாம் மாடிப் பால்கனியில் குழாய் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கொட்டியிருக்கிறது. நான் இழுத்து வைத்த தொட்டி, தண்ணீர் வெளியே போகும் துவாரத்தின்மேல் சரியாக உட்கார்ந்திருந்தது. தண்ணீர் கூடத்துக்குள் புகுந்து, வாசல் கதவின் அடியால் வழிந்து படியில் இறங்கி, தளத்தில் ஊறி இரண்டாம் மாடிக்காரரின் கட்டில்மேல் சொட்டியிருக்கிறது. அவர் விழித்துக்கொண்டு சத்தம் போட்ட பிறகு என் மகள்தான் சாவியோடு ஓடிப்போய்க் குழாயை மூடியிருக்கிறாள். அதற்குள் மொட்டைமாடித் தொட்டி காலி. எட்டு வீட்டுக்கும் இரண்டு நாளைக்கு வைத்துக்கொள்ள வேண்டிய தண்ணீர்.

இரண்டாம் மாடிப் படியில் அவள் நின்றுகொண்டிருந்தாள். பாவாடை முழங்கால்வரை நனைந்திருந்தது. கையில் பிழிந்த துணி. இரண்டாம் மாடிக்காரர் அவள்முன் நின்று பேசிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் அப்போது கோபத்தில் இருந்தார்.

"திறக்கலைன்னா எப்படிம்மா தண்ணி வரும்? சாவி உன்கிட்டதானே இருக்கு?"

"நான் அந்தக் குழாயைத் தொடறதே இல்லை, அங்கிள். மாமி தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. கற்பூரவல்லித் தொட்டியை யாரோ நகர்த்தியிருக்காங்க. நான் மூலையிலதான் வெச்சிருந்தேன். காலையில பார்த்தேன், மூலையிலதான் இருந்துச்சு."

"யாரோன்னா? பூட்டின வீட்டுக்குள்ள யாரு வருவாங்க?"

அவள் திரும்பினாள், என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அப்பா வந்துவிட்டார் என்கிற நிம்மதி.

அப்போது நான் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். பத்துப் பேர் நின்றிருந்தார்கள். நான் சொன்னது இது: "சார், மன்னிச்சுக்குங்க. சின்னப் பொண்ணு, மறந்திருப்பா. அவளுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். உங்க மெத்தைக்கு என்ன ஆகுமோ நான் பார்த்துக்கறேன்."

அவர் உடனே தணிந்தார். "நீங்க எதுக்கு சார் மன்னிப்பெல்லாம். குழந்தைதானே" என்றார். இன்னொருவர் என் தோளைத் தட்டினார். பெருந்தன்மையான அப்பா என்ற பெயரோடு நான் அங்கே நின்றேன்.

 மகள் என்னைப் பார்த்தாள். பிறகு துணியை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள். பெருக்கும் அம்மாள் அவள் பின்னாலேயே துடைப்பத்தோடு ஏறினார். என்னைக் கடந்து போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று சாப்பிடும்போது மனைவி அவளிடம், "நல்லா யோசிச்சுப் பாரு, கை கழுவத் திறந்தியோ என்னவோ" என்றாள்.

"இல்லம்மா." கொஞ்சம் கழித்து, "யாரும் நம்ப மாட்டாங்கன்னு தெரியும். அப்பாவாவது கேட்டிருக்கலாம், நீ திறந்தியான்னு. கேக்காமலே மன்னிப்புக் கேட்டுட்டாரு" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

நான் மோர் ஊற்றிக்கொண்டேன். அதைத்தான் செய்தேன். இத்தனை வருஷம் கழித்தும் அந்த மோரை நினைத்தால் எனக்குக் கூசுகிறது.

நான் பொய் சொல்ல வேண்டும் என்று திட்டம் போடவில்லை. முதலில் பத்துப் பேர் இருந்தார்கள், வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும், ஆட்கள் எதிரே சொல்லாததை இப்போது எப்படிச் சொல்வது என்று இருந்தது. போகட்டும், நாலு நாளில் மறந்துவிடுவார்கள், சின்னப் பெண்ணைப் பற்றி யார் நினைக்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு நிமிஷமும் கஷ்டம் கூடிக்கொண்டே போனதுதான் மிச்சம்.

மறுநாள் காலை பால் வாங்கக் கீழே இறங்கினேன். வாசல் கேட்டருகே பெருக்கும் அம்மாள் இரண்டு காலிக் குடங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா சார், இன்னிக்கி ஆபீசு கீதா?"

"இருக்கும்மா."

"நேத்து தண்ணி இல்லாம வெறுங்குடத்தோட வூட்டுக்குப் போனேன். இன்னிக்கும் அதே கதிதான்." குடத்தைக் காலால் லேசாக நகர்த்தினார். "பாப்பா கீதே, நேத்து என்கூட மூணாம் மாடி பூரா தொடச்சுது. அழுதுக்கினே தொடச்சுது சார். வேணாம் பாப்பா, நான் பாத்துக்கறேன், நீ போன்னேன். இல்லக்கா, இது என் வேலைன்னுது."

நான் நின்றேன்.

"நீ காலீல மேல போனத நான் பாத்தேன் சார்."

"ம்."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நான் சொன்னா நல்லா இருக்காது. பெரிய மனுசன் நீ. நீயே சொல்லிடு."

அவர் குரலில் மிரட்டல் இல்லை. உபதேசமும் இல்லை. வாளி எடுத்து வா என்பதுபோல ஒரு வேலையைச் சொல்வது மாதிரி சொன்னார். பிறகு எழுந்து துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

பால் பாக்கெட்டோடு மேலே போனேன். மகள் சமையலறை வாசலில் பக்கெட்டோடு நின்றிருந்தாள். அன்று அரிசி களையும் தண்ணீரே அரை சொம்புதான். மனைவியும் அங்கேயே இருந்தாள். நின்றபடியே சொன்னேன். சாவியை எடுத்தது, மேலே போனது, தொட்டியை இழுத்தது, குழாய்.

மனைவி அரிசிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். 

மகள் கேட்டாள்: "எதுக்கு மேல போனீங்க?"

"கற்பூரவல்லி காய்ஞ்சிருந்தது, அதான்..."

"அது மேல போன பிறகு பார்த்தது. மேல எதுக்குப் போனீங்க?"

"எல்லாம் சரியா இருக்கான்னு பார்க்க."

"நான் சரியா செய்யறேனான்னு பார்க்க."

"ஆமா."

"சரியா இருந்துச்சா?"

"எல்லாம் சரியா இருந்துச்சும்மா."

"கற்பூரவல்லிக்கு ரெண்டு நாளைக்கு ஒரு தடவைதான் விடணும். தினம் விட்டா அழுகிடும். மாமி எழுதிக் குடுத்திருக்காங்க."

அதன்பிறகுதான் அழுதாள். முந்தின நாள் அத்தனை பேர் எதிரில் அழாதவள். நான் தோளைத் தொடப் போனேன், விலகிக்கொண்டாள். கொஞ்சம் அடங்கியதும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "குழாயைத் திறந்து விட்டது பரவாயில்லை. யாருக்கும் ஆகும். எனக்காக மன்னிப்புக் கேட்டீங்க பாருங்க, அதை எல்லார் வீட்டுக்கும் போய்ச் சொல்லுங்க" என்றாள்.

ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு தரைத்தளத்திலிருந்து ஆரம்பித்தேன். எங்கள் வீடு போக ஏழு வீடுகளில் மாமி வீடு பூட்டியிருந்தது, மீதி ஆறு. முதல் வீட்டில் சொன்னதுதான் கஷ்டம். இரண்டாவது வீட்டில் வாய் பழகிவிட்டது. பழகிவிட்டதே என்று அதற்கும் வெட்கமாக இருந்தது. பெரும்பாலானோர், "அட விடுங்க சார், இதை வந்து சொல்லணுமா" என்றார்கள். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

இரண்டாம் மாடிக்காரர் மட்டும் அப்படி விடவில்லை. மெத்தையைப் பால்கனியில் காயப் போட்டுவிட்டு வந்து, முழுவதையும் கேட்டார்.

"குழாய் சரி சார், யாரு வேணாலும் மறப்பாங்க. நான் அந்தப் பொண்ணைக் கண்டபடி பேசிக்கிட்டிருந்தேன். நீங்க பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிருந்தீங்க. எனக்காவது தெரியாது."

 அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் படி இறங்கிப் போய், எங்கள் வீட்டு வாசலில் நின்று மகளைக் கூப்பிட்டார். "அம்மா, நேத்து நான் பேசினது தப்பு" என்றார். அறுபது வயதுக்கு மேற்பட்ட மனிதர், எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண்ணிடம். அவள் என்ன செய்வது என்று தெரியாமல், "பரவாயில்லை அங்கிள், மெத்தை காய்ஞ்சுதா?" என்றாள்.

பிறகு தண்ணீர். இரண்டு தெரு தள்ளி ஓர் அடிபம்பு இருந்தது, அதில் இன்னும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டிலிருந்த குடங்களையெல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். நான் அதுவரை குடம் சுமந்தவனில்லை. எங்கள் வீட்டில் அதை மனைவி செய்தாள், அல்லது காசு வாங்கிக்கொண்டு யாராவது செய்தார்கள். முதல் குடத்தைத் தோளில் தூக்கிப் பாதியைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன். வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். இரண்டாவது நடைக்கு நான் திரும்பி வந்தபோது மகள் அங்கே நின்றிருந்தாள், பம்பு அடித்துக்கொண்டு. அவளை வரச் சொன்னது நான் இல்லை.

"இடுப்புல வையுங்க. தோள்ல வேணாம்" என்றாள். அந்த நாள் முழுக்க அவள் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

அவள் அடிக்க, நான் சுமக்க, மதியம்வரை வீட்டுக்கு இரண்டு குடம் என்று போட்டோம். கடைசியில் பெருக்கும் அம்மாளின் குடங்களை நிரப்பினோம். அதை ஆற்றங்கரைவரை நான் எடுத்துவருகிறேன் என்றேன். "ஐயே, வேணாம் சார். நீ வர்றதுக்குள்ள பாதி கொட்டிடும், கொயந்தைங்க குடிக்கணும்" என்று சொல்லி, தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்றாக வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாளே எல்லாம் சரியாகிவிடவில்லை. பத்து நாளுக்கு மேல் வீட்டில் ஓர் இறுக்கம் இருந்தது. மகள் சாவியை ஒரு கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். குளிக்கும்போதும் கழற்றுவதில்லை. அது எனக்காகத்தான் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் மாலை விசாரணையை நிறுத்திவிட்டேன். அந்த இடத்தில் என்ன பேசுவது என்று ஆரம்பத்தில் எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் அவளாகவே, "மாமி வீட்டு மல்லி மொட்டு விட்டிருக்கு" என்றாள். "எத்தனை மொட்டு?" என்று கேட்டேன். அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது.

மாமிக்கு டில்லி விலாசத்துக்கு ஓர் இன்லாண்டு லெட்டர் எழுதினாள். என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் காட்டவில்லை. ஒட்டி, தபால் பெட்டியில் அவளே போட்டுவிட்டு வந்தாள்.

மாமி ஜூன் நடுவில் திரும்பினார். அன்று மாலையே எங்கள் இருவரையும் மேலே வரச் சொன்னார். பால்கனியில் இருபது தொட்டியும் பச்சையாக இருந்தன. கற்பூரவல்லி மட்டும் அன்றைய வெள்ளத்தில் அழுகிப்போய், மகள் ஒரு கிளையை ஒடித்து நட்டு, புதிதாக நாலு இலை விட்டிருந்தது. கூடத்து ஜமக்காளத்தில் சாயம் ஓடி ஒரு பக்கம் சிவப்பாகப் படர்ந்திருந்தது. நான் சொல்ல வேண்டியதைச் சொல்ல ஆரம்பித்தேன். மாமி கையைக் காட்டி நிறுத்தினார்.

"எல்லாம் லெட்டர்ல வந்துடுத்து. உங்க பேரே அதுல இல்லை. 'சாவியை எல்லார் கைக்கும் எட்டற மாதிரி மாட்டி வெச்சது என் தப்பு, இனிமே அப்படிப் பண்ண மாட்டேன்'னு எழுதியிருந்தா. எட்டின கை யாரோடதுன்னு எழுதலை. இரண்டாம் மாடிக்காரர் இப்பத்தான் படியில பார்த்துச் சொன்னார்."

நான் மகளைப் பார்த்தேன். அவள் ஜமக்காளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்மா எழுதலை?" என்றேன்.

"எல்லார் வீட்டுக்கும் போய்ச் சொன்னீங்கல்ல. மாமிகிட்ட நீங்கதானே சொல்லணும். நான் என் வேலையைப் பத்தித்தான் எழுதினேன்" என்றாள்.

மாமி உள்ளே போய் ஒரு கவரைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார், டில்லியிலிருந்து வாங்கி வந்த ஒரு சின்னப் பெட்டி பேடாவோடு. எனக்குக் காபி கொடுத்தார். "அடுத்த வருஷமும் போவேன்" என்று அவளிடம் சொன்னார். "உனக்கு முடியுமான்னு நீயே யோசிச்சுச் சொல்லு."

இரண்டு வருஷம் கழித்து, பத்தாம் வகுப்பு முடிந்த விடுமுறையில், அடையாறில் வாடகைக்குப் புத்தகம் கொடுக்கும் ஒரு கடையில் வேலைக்குப் போகிறேன் என்று வந்து சொன்னாள். கடைக்காரரிடம் பேசி, நேரம் எல்லாம் முடிவு செய்துவிட்டு வந்துதான் சொன்னாள். நான் ஒரு தடவை வந்து அவரைப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம்பா, தேவைன்னா சொல்றேன்" என்றாள்.

அந்த மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை திருவான்மியூரில் எனக்கு ஒரு வேலை இருந்தது. பஸ் அந்தக் கடை வழியாகத்தான் போகும். அடையாறில் சிக்னலுக்காக நின்றபோது ஜன்னல் வழியே கடை தெரிந்தது. அவள் ஒரு முதியவரோடு வாதாடிக்கொண்டிருந்தாள். ஏதோ புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கத் தாமதமாகியிருக்கும்போல. அவர் விரலை நீட்டி நீட்டிப் பேசினார். அவள் நோட்டைத் திருப்பி அவர் பக்கம் வைத்துக் காட்டினாள். அவர் சத்தம் போட்டார். எனக்கு இறங்கிப் போக வேண்டும்போல இருந்தது, எழுந்துகூட விட்டேன். பக்கத்தில் நின்றவர் நான் இறங்கப் போகிறேன் என்று நினைத்து என் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். பச்சை விழுந்து பஸ் கிளம்பியது. திருவான்மியூர்வரை நின்றுகொண்டே போனேன்.